தையல் கடைக்கு வாங்கிய மூன்று பேண்ட் ரேடியோ

மீடியம் வேவ் எடுக்கிற ரேடியோ வேண்டும் என்று கேட்டால் இப்போது கடைக்காரர்கள் புளூடூத் ஸ்பீக்கரைத்தான் எடுத்து வைக்கிறார்கள். "இதுலயே எஃப்எம் வரும்க்கா, போன்லேர்ந்து பாட்டு போட்டுக்கலாம், கலர் லைட்டும் எரியும்" என்கிறார்கள். எஃப்எம் மட்டும் போதும் என்பவர்களுக்கு அது சரிதான். எனக்கு ஆகாசவாணியின் திருச்சி நிலையம் வேண்டும், அது மீடியம் வேவில் 936 கிலோஹெர்ட்ஸில் வருகிறது. அது எஃப்எம் அலைவரிசையில் இல்லை. மன்னார்குடிக் கடைத்தெரு முழுக்கக் கேட்டு, கடைசியில் மிக்ஸி, ஃபேன் பழுது பார்க்கிற ஒரு கடையில்தான் கிடைத்தது. 1,150 ரூபாய்.

முகப்பில் ஏதோ ஒரு கம்பெனிப் பெயர் அச்சடித்திருக்கிறது. இதே பெட்டி வேறு வேறு பெயரில் எல்லா ஊரிலும் விற்பதால் பெயரைச் சொல்லிப் பயனில்லை. அடையாளம் சொல்கிறேன். ஒரு சாண் நீளம், கறுப்பு பிளாஸ்டிக், தூக்கிப்போக ஒரு கைப்பிடி. எஃப்எம், மீடியம் வேவ், ஷார்ட் வேவ் என்று மூன்று பேண்ட். வலது பக்கம் நிலையம் திருப்புகிற சக்கரம், அதற்குக் கீழே சத்தத்துக்கு ஒரு சக்கரம். பக்கவாட்டில் பென் டிரைவும் மெமரி கார்டும் செருக இடம். பின்னால் ஒரு டார்ச், மேலே தீப்பெட்டி அளவில் ஒரு சோலார் தகடு. உள்ளே சார்ஜ் ஏறுகிற பேட்டரி இருக்கிறது, அது போக மூன்று பெரிய செல் போட்டும் ஓட்டலாம். நான் வாங்கியதே இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தையல்காரியாகச் சொல்கிறேன், வேலை செய்கிறவர்களுக்கு ரேடியோவை விட நல்ல துணை இன்னும் வரவில்லை. எனக்கு இரண்டு கையும் துணியில் இருக்க வேண்டும், கண் ஊசியில் இருக்க வேண்டும். காது மட்டும்தான் சும்மா இருக்கிறது. டிவி கண்ணைக் கேட்கிறது, போன் கண்ணோடு கையையும் சேர்த்துக் கேட்கிறது. மெஷினுக்கு எண்ணெய் விட்ட விரலோடு போன் திரையைத் தொட்டுவிட்டு அதே விரலால் ஒருத்தியின் கல்யாணப் பட்டைத் தொட முடியுமா? ரேடியோவைக் காலையில் திருகிவிட்டால் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அது தன் வேலையைப் பார்க்கும், நான் என் வேலையைப் பார்ப்பேன்.

முதலில் ஒலியைப் பற்றி. பேச்சு மிகத் தெளிவாகக் கேட்கிறது. செய்தி, உரை, பேட்டி எல்லாம் நாலு மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவிலும் சொல் சொல்லாகப் புரிகிறது. பாட்டில் அடித்தொண்டை இல்லை. தவிலும் டிரம்ஸும் தட்டையாகத்தான் வரும். இளையராஜாவின் பேஸ் கிட்டாரைக் கேட்பதற்காக ரேடியோ வாங்குகிறவர்கள் இதை வாங்க வேண்டாம். குரலும் புல்லாங்குழலும் வயலினும் நன்றாக இருக்கின்றன. எனக்கு அது போதும்.

எஃப்எம்மில் காரைக்கால் 100.3 கணீரென்று வருகிறது. திருச்சியின் 102.1 எங்கள் ஊரில் இழுத்துக்கொண்டுதான் வரும், ஏரியலை முழுதாக நீட்டி ஜன்னல் பக்கம் வைக்க வேண்டும். சில இரவுகளில் 100.5-ல் கோடைப் பண்பலை எட்டிப் பார்க்கும். ஆனால் இந்த விலையில் 100.3-ஐயும் 100.5-ஐயும் சுத்தமாகப் பிரிக்கிற ரேடியோ கிடைக்காது. சக்கரத்தை ஒரு மயிரிழை நகர்த்தினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது. சக்கரத்தில் அச்சடித்திருக்கிற எண்ணையும் நம்ப முடியாது. நான் 936-க்கு நேரே சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவிட்டேன்.

மீடியம் வேவ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முக்கால்வாசிப் பேர் "கரகரன்னு இருக்கு" என்று ரேடியோவைக் குறை சொல்லிக் கைவிடுவது இதில்தான். குறை பெரும்பாலும் ரேடியோவில் இல்லை, நம் வீட்டில் இருக்கிறது. மலிவான எல்இடி பல்பு, போன் சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாமே மீடியம் வேவில் இரைச்சலைக் கிளப்பும். என் கடையில் மோட்டார் மெஷின்தான் பெரிய எதிரி. மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் உரசும்போது தெறிக்கிற பொறிகள், பெடலை அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் ஸ்பீக்கரில் சர்ரென்று கேட்கும். கால் மெஷினில் தைக்கும்போது அந்தச் சத்தமே இல்லை. ஃபால்ஸ் அடிப்பது, கொக்கி வைப்பது, காஜா எடுப்பது போன்ற வேலைகளை உரை, நாடக நேரத்துக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டால் தீர்ந்தது. மோட்டார் ஓட்டுகிற நேரத்தில் எஃப்எம். அதை இந்தப் பொறி அவ்வளவாகத் தொடாது.

இன்னொன்று. வெளியே இழுக்கிற கம்பிக்கும் மீடியம் வேவுக்கும் சம்பந்தமே இல்லை. பெட்டிக்குள் ஒரு கறுப்பு ஃபெரைட் கம்பி நீளவாட்டில் கிடக்கிறது. அதில் சுற்றியிருக்கிற மெல்லிய செப்புக் கம்பிதான் மீடியம் வேவுக்கு ஏரியல். ஆகவே ஏரியலை ஆட்டிப் பயனில்லை, பெட்டியைத்தான் திருப்ப வேண்டும். திருச்சி எங்களுக்கு மேற்கே. ரேடியோவின் முகம் மேற்கோ கிழக்கோ பார்த்திருந்தால் 936 திடமாக வருகிறது. வடக்குப் பார்த்து வைத்தால் பாதியாகக் குறைகிறது. எங்கள் கடையில் அலமாரியின் இரண்டாம் தட்டில், நூல்கண்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. வேலைக்கு வருகிற பெண் தூசி துடைத்துவிட்டுத் திருப்பி வைத்தால் எனக்கு உடனே காதில் தெரிந்துவிடும்.

அந்த 936-ல் அப்படி என்ன இருக்கிறது? எங்கள் டெல்டாவின் கதையில் பாதி அதில்தான் இருக்கிறது. திருச்சி நிலையம் 1939-ல் தொடங்கியது. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற புது நெல் ரகம் வந்தபோது, விதைப்பது எப்படி, நாற்றுக்கு என்ன உரம், எப்போது தண்ணீர் கட்டுவது என்று திருச்சி வானொலிதான் விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. தஞ்சாவூர்ப் பக்கம் அந்த நெல்லுக்கே ரேடியோ நெல் என்று பெயர் வந்துவிட்டது. என் அப்பா கடைசிவரை அப்படித்தான் சொன்னார். இன்று சேனல் சேனலாகச் சமையல் நிகழ்ச்சி ஓடுகிறது, ஒரு நெல் ரகத்துக்குத் தன் பெயரைக் கொடுக்கிற அளவுக்கு மக்களோடு ஒட்டின ஒரு டிவி நிகழ்ச்சியை யாராவது சொல்ல முடியுமா? வாலி சினிமாவுக்குப் போகுமுன் இந்த நிலையத்துக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தார். வானொலியில் "இன்று ஒரு தகவல்" சொன்ன தென்கச்சி கோ. சுவாமிநாதன் வேளாண்மை படித்தவர். காலை அவசரத்தில் இட்லி தட்டோடு நின்று அவர் பேச்சை முடியும்வரை கேட்டவர்கள் எத்தனை வீட்டில் இருந்திருப்பார்கள்! கதை, அதில் ஒரு விஷயம், முடிவில் ஒரு சிரிப்பு. குரலை உயர்த்தவே மாட்டார். இன்று யூடியூப்பில் நம்மை ஊக்கப்படுத்துகிறேன் என்று வந்து கத்துகிறவர்கள் அவரது பழைய ஒலிப்பதிவுகளை ஒரு வாரம் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ஆகாசவாணியில் எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கம் ஒன்று, பாட்டு போடுமுன் படம், பாடியவர்கள், இசை, பாடலை எழுதியவர் என்று வரிசையாகச் சொல்வது. என் பெண் கல்லூரியில் படிக்கிறாள். நூற்றுக்கணக்கில் பாட்டு தெரியும், எழுதியவர் யார் என்று கேட்டால் தெரியாது. போன் செயலியில் படத்தின் போஸ்டர் வருகிறது, இசையமைப்பாளர் பெயர் வருகிறது, எழுதியவர் பெயரை எங்கோ மூன்று தட்டுத் தட்டித் தேட வேண்டியிருக்கிறது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எங்கள் பக்கத்துக்காரர், 29 வயதில் போய்விட்டார். அவர் பெயரை என் தலைமுறை கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில் இல்லை, அறிவிப்பாளர் வாயிலிருந்து. ஓர் உழைப்பாளியின் பெயரைச் சொல்லிவிட்டு அவர் வேலையைக் காட்டுவது சின்ன மரியாதை இல்லை. நான் தைத்த பிளவுஸைப் போட்டுக்கொண்டு "எங்க தெச்ச?" என்று கேட்கிறவளிடம் என் கடைப் பெயரைச் சொல்கிற பெண்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அதனால்தான் இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

செயலியோடு எனக்குள்ள இன்னொரு சண்டை, நேற்றுக் கேட்டதையே இன்றைக்கும் ஊட்டுவது. ஒரு நாள் மனசு சரியில்லாமல் நாலு சோகப் பாட்டுக் கேட்டால் அந்த வாரம் முழுக்க சோகம்தான். ரேடியோவுக்கு என்னைத் தெரியாது. நான் கேட்கவே மாட்டேன் என்று நினைத்த பாட்டை அது திடீரென்று போடும். நாகஸ்வரமும் நாட்டுப்புறப் பாட்டும் எனக்குப் பழகியது இப்படித்தான், நானாகத் தேடிப் போயிருக்க மாட்டேன்.

தனியார் எஃப்எம்களையும் நான் கேட்கிறேன், வெறுக்கவில்லை. சாயந்திரம் ஏழு மணிக்கு மேல் எண்பதுகளின் பாட்டாகப் போடுகிற நேரம் எங்கள் கடையில் வேலை ஓடுகிற வேகமே வேறு. லாரி ஓட்டுகிறவர், பெட்ரோல் பங்கில் நிற்கிறவர், மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிற நர்ஸ் என்று கூப்பிட்டுப் பேசுகிறவர்களின் குரல் எனக்குப் பிடிக்கும். பெரிய மனிதர்களின் பேட்டியில் இல்லாத ஊர்ச் செய்தி அந்த இரண்டு நிமிடத்தில் இருக்கும். ஆனால் அங்கேயே ஒரு கேள்வி வருகிறது. கூப்பிட்டவர் ஆணாக இருந்தால் "என்ன சார் வேலை பாக்குறீங்க?" பெண்ணாக இருந்தால் "வேலைக்குப் போறீங்களா, வீட்லதானா?", அடுத்தது "இன்னிக்கு என்ன சமையல்?". மாடு இரண்டு வைத்துப் பால் ஊற்றுகிறவளும், வீட்டிலிருந்தே பத்துத் தெருவுக்கு முறுக்கு சுட்டுக் கொடுக்கிறவளும் அந்தக் கேள்விக்கு "வீட்லதாங்க" என்றுதான் பதில் சொல்வாள். அவளிடம் கொஞ்சம் தோண்டிக் கேட்டால் அருமையான நிகழ்ச்சி கிடைக்கும். கேட்பதற்குள் பாட்டு போட்டுவிடுகிறார்கள்.

என்னைக் கோபப்படுத்துவது போன் போட்டு ஏமாற்றிச் சிரிக்கிற நிகழ்ச்சி. ஒரு தடவை ஒரு நிலையத்தில் தையல்கடையிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒரு கல்யாணப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அயர்ன் பண்ணும்போது முகூர்த்த பிளவுஸ் பொசுங்கிவிட்டது என்றார்கள். அந்தப் பெண் முதலில் நம்பவில்லை, பிறகு குரல் உடைந்து, "அண்ணா, நாளன்னிக்குக் கல்யாணம்ண்ணா" என்றது. ஸ்டூடியோவில் எல்லாரும் சிரிக்கிறார்கள். எங்கள் கடையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆரி வேலை செய்த ஒரு பிளவுஸுக்குப் பின்னால் எத்தனை நாள் வேலை, எவ்வளவு பணம், அந்தப் பெண்ணின் அம்மா எத்தனை தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பாள் என்று எங்களுக்குத் தெரியும். இல்லாதவனையும் பயந்தவனையும் பார்த்துச் சிரிக்கிற நகைச்சுவைக்கு ஸ்பான்சர் பிடிக்கிற கம்பெனிகள், தங்கள் பெயர் அந்த அழுகைக்கு முன்னாலும் பின்னாலும் வருவதை யோசிக்க வேண்டும். ஏமாற்றிப் பணம் பறிக்கிற போன் கால்கள் இவ்வளவு பெருகிவிட்ட காலத்தில், ஏமாறுவதை வேடிக்கையாக்குவதே தப்பு.

செய்தி விஷயத்தில் தனியார் நிலையங்களைக் குறை சொல்ல முடியாது. இந்தியாவில் தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி திரட்டி ஒலிபரப்ப அனுமதி இல்லை, ஆகாசவாணியின் செய்தியறிக்கையை வேண்டுமானால் அப்படியே மாற்றாமல் போடலாம். ஒலிபரப்பில் குறிப்பிட்ட அளவு செய்திக்கு அனுமதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023-ல் பரிந்துரை செய்தது. செய்தித்தாள் நடத்தலாம், இருபத்து நாலு மணி நேர டிவி நடத்தலாம், வட்டாரத்துச் செய்தியைச் சொல்லத் துடிக்கிற உள்ளூர் எஃப்எம் மட்டும் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. அதே சமயம், எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்துகிற டிவி விவாதம் ரேடியோவுக்கும் வந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. ஆகாசவாணியின் பத்து நிமிடச் செய்தியில் வாசிப்பவர் யார் பக்கம் என்று குரலில் தெரியாது. சரோஜ் நாராயண்சுவாமி டில்லியிலிருந்து வாசித்த காலத்தில் எங்கள் வீட்டில் அந்தப் பத்து நிமிடம் ஒருத்தரும் பேசமாட்டார்கள். அரசாங்க வானொலி அரசாங்கத்தை அழுத்திக் கேள்வி கேட்காது, அந்தக் குறை உண்மையான குறை. அதற்குத்தான் நான் காலையில் ஒரு செய்தித்தாளும் வாங்குகிறேன்.

விளம்பரம் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ரேடியோ விளம்பரத்தில் தங்கம் இல்லாமல் ஒரு பெண்ணுக்கும் கல்யாணம் நடப்பதில்லை. "அப்பா, எனக்கு" என்று கொஞ்சுகிற மகள் குரல், "உனக்கு இல்லாததா" என்கிற அப்பா குரல். அதை என் கடையில் உட்கார்ந்து கேட்கிற அப்பாக்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். சேதாரம் இல்லை, செய்கூலி இல்லை என்று அவர்கள் அடுக்க அடுக்க, இவர் பெஞ்சில் விரலால் கணக்குப் போடுகிறார்.

டிவி சீரியலால் என் பிழைப்பு நடக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. "இந்த மருமகள் போட்டிருக்கிற மாதிரி கை வேணும்" என்று போனில் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். கதாநாயகி தூங்கும்போதும் பட்டும் ஆரி வேலையும். அதைப் பார்த்துவிட்டு, வங்கியில் எட்டு மணி நேரம் உட்காருகிற பெண் முதுகில் கல் வைத்த பிளவுஸ் கேட்கிறாள், நாற்காலியில் சாயும்போது குத்தும் என்று சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. உடுப்பை முடிவு செய்கிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறவர்களைப் பற்றி யோசிப்பதே இல்லை. பெண்கள் உடையில் பை இல்லாததும் அதே கதை. நான் தைக்கிற சுடிதார் எல்லாவற்றிலும் வலது பக்கம் ஒரு ஆழமான பை வைத்துவிடுகிறேன், கூலி தனியாகக் கிடையாது. போன் நுழைய வேண்டும், பஸ் காசு நுழைய வேண்டும். பை வைத்த சுடிதார் போட்டவள் அப்புறம் பை இல்லாதது கேட்பதில்லை.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டவுன் பஸ்ஸில் ஹெட்செட் இல்லாமல் ரீல்ஸ் ஓடவிடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஒரு வரிப் பாட்டு, ஒரு சிரிப்பு, ஒரு கத்தல், மறுபடி இன்னொரு வரி. பக்கத்தில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, மாத்திரை போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருக்கிற பெரியவர் எல்லாம் அவர்கள் கண்ணில் படுவதில்லை. "தம்பி, கொஞ்சம் குறைங்க" என்று நான் சொல்வேன், பாதிப் பேர் உடனே குறைக்கிறார்கள். பொது இடத்தில் ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை தடை என்று சட்டம் 2000-லிருந்தே இருக்கிறது, போன் விஷயத்தை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ரேடியோவில் எனக்குப் பிடித்தது, சத்தச் சக்கரம் மிகக் குறைவிலிருந்தே மெதுவாக ஏறுகிறது. நான் உட்காருகிற இடத்துக்குக் கேட்கும், பக்கத்து மெடிக்கலுக்குக் கேட்காது. பட்டன் வைத்த ஸ்பீக்கர்களில் ஒரு தட்டுத் தட்டினாலே தெருவுக்குக் கேட்கிறது.

இனி அந்தச் செல் விஷயம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. எங்கள் பக்கம் தென்னையும் மின்கம்பமும் ஒன்றாகச் சாய்ந்தன. கரெண்ட் இல்லை, போன் டவர் இல்லை, கையிலிருந்த ஸ்மார்ட் போனெல்லாம் சார்ஜ் இறங்கி வெறும் கண்ணாடி. எந்த ரோடு திறந்திருக்கிறது, எந்த ஊரில் எவ்வளவு சேதம், அடுத்த மழை உண்டா என்று தெரியாமல் இருப்பதுதான் அந்த நாட்களில் பெரிய கொடுமை. தெருவில் ஒரு பெரியவர் வீட்டில் செல் போட்ட பழைய டிரான்சிஸ்டர் இருந்தது. திண்ணையில் அதை வைத்துவிட்டு, செய்தி நேரத்துக்கு எல்லாரையும் கூப்பிடுவார். அன்றைக்கு நான் முடிவு செய்தேன், வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று, இரண்டும் செல்லில் ஓடக்கூடியதாக இருக்க வேண்டும். கடற்கரை மாவட்டத்தில் இருக்கிற எல்லாக் குடும்பத்துக்கும் இதைச் சொல்வேன். புயல் எச்சரிக்கை வந்தால் மெழுகுவத்தி, தீப்பெட்டியோடு நாலு செல்லும் வாங்கி வையுங்கள். வேலை முடிந்ததும் செல்லைக் கழற்றிவிடுங்கள், உள்ளேயே விட்டால் ஒழுகி ஸ்பிரிங் துருப்பிடிக்கும்.

குறைகள் இருக்கின்றன. டார்ச் வெளிச்சம் ஊசி கோக்கக்கூடப் போதாது. சோலார் தகடு பேருக்குத்தான், நாள் முழுக்க வெயிலில் வைத்தாலும் ரேடியோ கொஞ்ச நேரம்தான் ஓடுகிறது, அதற்குள் பிளாஸ்டிக் சூடேறி வளைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சார்ஜ் செருகுகிற ஓட்டை வாங்கும்போதே கொஞ்சம் ஆட்டம். இதிலும் இருக்கிற புளூடூத்தைத் திறந்தால் ஒரு பெண் குரல் உச்சக் குரலில் ஆங்கிலத்தில் கத்துகிறது, அதைக் குறைக்க வழியில்லை. ஷார்ட் வேவ் பகலில் வெறும் இரைச்சல். ராத்திரி எட்டு மணிக்கு மேல் மீடியம் வேவில் தூரத்து நிலையங்கள் மிதந்து வரும், மலையாளமும் வேறு மொழிகளும் மாறி மாறி. வானத்தில் மிக உயரத்தில் இருக்கிற அயனமண்டலம் என்ற காற்றடுக்கு இரவில் மீடியம் வேவைத் திருப்பி அனுப்புவதால் அப்படி. டெல்டாக் கரையோரத்தில் வளர்ந்தவர்களுக்கு இலங்கை வானொலி வீட்டுக் குரல். பொங்கும் பூம்புனலும் அப்துல் ஹமீதின் பாட்டுக்குப் பாட்டும் எங்கள் அம்மா காலத்துப் பேச்சு. அந்தத் தமிழ் உச்சரிப்புக்காகவே இரவில் சக்கரத்தைத் திருகித் தேடுகிற பழக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பெரிய கவலை ரேடியோப் பெட்டி பற்றியது இல்லை. நாடு முழுக்க மீடியம் வேவ் ஒலிபரப்பிகள் பலவற்றை ஆகாசவாணி மூடிக்கொண்டு வருகிறது. பழைய இயந்திரம், கரெண்ட் செலவு, பராமரிப்பு என்று காரணம் சொல்கிறார்கள். நிகழ்ச்சிகளைச் செயலியில் கேட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். டவர் விழுந்த அன்று செயலி எங்கே வரும்? எஃப்எம் நல்லதுதான், ஆனால் அது கண்ணுக்கெட்டிய தூரத்துச் சமாச்சாரம். தரையோடு தரையாக ஒரு மாவட்டத்தைத் தாண்டிப் போகிறது மீடியம் வேவ்தான். வயலில் நிற்கிறவருக்கும் கடலில் இருக்கிறவருக்கும் பேசுகிற ஒலிபரப்பை லாப நஷ்டக் கணக்கில் எடைபோடக் கூடாது. நிலையத்துக்கு இப்போதும் தபால் எழுதலாம். நான் எழுதுகிறேன், பிடித்த நிகழ்ச்சியைச் சொல்லியும் எழுதுகிறேன், நேரம் மாற்றியது பிடிக்கவில்லை என்றும் எழுதுகிறேன். கேட்கிற ஆள் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

யார் வாங்கலாம் என்றால், உட்கார்ந்து கைவேலை செய்கிறவர்கள், சமையலறையில் துணை தேடுகிறவர்கள், கண் மங்கிய பெரியவர்கள் தாராளமாக வாங்கலாம். பெரியவர்களுக்கு வாங்கினால் பொத்தான் குறைவாக, சக்கரம் பெரிதாக இருப்பதாகப் பாருங்கள். திரையில் எண் ஓடுகிற டிஜிட்டல் மாடல் அவர்களுக்குச் சிரமம். பாட்டுக்கு மட்டும் என்றால் இது வேண்டாம், அந்தப் பணத்தில் நல்ல ஸ்பீக்கரே வாங்கிக்கொள்ளுங்கள்.

கடையில் சோதிக்கும்போது எஃப்எம் போட்டுக் காட்டுவார்கள், அதில் எல்லா ரேடியோவும் நன்றாகத்தான் பாடும். மீடியம் வேவுக்கு மாற்றச் சொல்லுங்கள். கடைக்குள் இருக்கிற எல்இடி விளக்குகளுக்கு நடுவில் ஒன்றும் எடுக்காது, ஆகவே பெட்டியை வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய் உங்கள் ஊருக்கு உரிய நிலையத்தைத் திருப்பி, பெட்டியை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். சத்தம் ஓர் இடத்தில் ஏறி ஓர் இடத்தில் இறங்கினால் உள்ளே ஃபெரைட் கம்பி ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். செல் போடுகிற மூடியைத் திறந்து ஸ்பிரிங் இறுக்கமா என்று பாருங்கள். பில் கொடுக்க மாட்டோம் என்றால் ஒரு துண்டுச் சீட்டிலாவது தேதி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், சார்ஜ் ஓட்டை ஆடினால் மாற்றிக் கேட்க அது உதவும்.